கலியனாரின் விளக்கு

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. அந்த ஊரில் செக்காட்டி எண்ணெய் விற்ற ஒருவர் நாயன்மாரில் ஒருவரானார். கலிய நாயனார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் கதையைச் சொல்கிறார்.

வசதியான குடும்பம். கோயிலில் இரவும் பகலும் விளக்கெரிப்பது அவர் தொண்டு. சொத்தெல்லாம் கரைந்தது. தொண்டு நிற்கவில்லை. சொந்தக்காரர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று, அந்தக் கூலியில் விளக்கேற்றினார். அதுவும் போனது. அடுத்தவர் செக்கில் கூலிக்கு உழைத்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு நின்றுவிடுகிறது. கையில் ஊரார் எண்ணெய். தினமும் ஒரு கரண்டி எடுத்தால் யாருக்குத் தெரியும்? சாமி விளக்குக்குத்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். புராணம் கூலி என்றுதான் சொல்கிறது. கூலி எண்ணெய்தான் விளக்குக்குப் போனது.

பிறகு கூலி வேலையும் கிடைக்காமல் போக, மனைவியையே விற்கத் துணிந்தார் என்று கதை போகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே ஊற்றப் போனபோது, இறைவன் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

அந்த ஒரு கரண்டிச் சோதனை இன்றும் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டேங்கர் லாரி ஓட்டுகிறவருக்கு இருக்கிறது. காசிமேட்டில் மீன் நிறுக்கிறவருக்கும் இருக்கிறது. நான் மீன் வாங்குகிற அக்கா ராயபுரம் ராயப்பர் தேவாலயத்துக்குப் போகிறவர். மீனோடு ஒட்டிய ஐஸைத் தட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பார். “ஐஸுக்கு நீ ஏன்பா காசு குடுக்கணும்? மேல இருக்கிறவரு பாக்குறாருல்ல” என்பார்.