நரம்புகளின் சம்பாஷணை: வத்தல்மலைக் கருத்தரங்கில் தலைமை உரை



நரம்பு மண்டலத்தினுள்ளே நிகழும் செய்திப் பரிமாற்றத்தைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இச்சபைக்குத் தலைமை தாங்கும் பேற்றை எனக்கு அளித்த வரவேற்புக் குழுவினருக்கு என் மனமார்ந்த வந்தனம். இத்தகைய கருத்தரங்குகள் வழக்கமாகப் பெருநகரங்களின் குளிரூட்டிய மண்டபங்களிலேயே கூடுகின்றன. அவற்றை விடுத்து, தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஏறிவர வேண்டிய வத்தல்மலையை ஏன் தேர்ந்தீர்கள் என்று அன்பர்கள் சிலர் வினவினார்களாம். அந்த வினாவுக்கு விடை கூறுவதே என் உரையின் நோக்கம் என்று கொள்ளலாம்.

நரம்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்னும் ரகசியத்தை விஞ்ஞான உலகம் அறிந்துகொண்டதில் ஆய்வுக்கூடத்துக் கருவிகளுக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு நஞ்சுகளுக்கும் உண்டு. அந்நஞ்சுகளைத் தம் உடலில் ஏற்றுத் துன்புறுவோரோ, பெரும்பாலும் காட்டிலும் கழனியிலும் உழைத்துவிட்டு மண்தரையில் பாய் விரித்துப் படுக்கும் எளிய மக்கள். நஞ்சினால் வளர்ந்த அறிவு, நஞ்சு தீண்டியவனிடம் சிகிச்சையாகத் திரும்பி வந்து சேர்ந்தால்தான் அந்தக் கடன் தீரும். அதைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஸ்தலம் கிடைப்பது அரிது.

நம்முடைய மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவை யாவும் ஒன்றோடொன்று பின்னி ஒட்டிய ஒரே வலையா, அன்றித் தனித்தனி அணுக்களா என்பது பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய சர்ச்சை நடந்தது. இத்தாலிய அறிஞர் கமிலோ கோல்கி, வெள்ளி உப்பினால் நரம்பணுக்களைக் கறுப்பாகச் சாயம் ஏற்றிக் காட்டும் முறையைக் கண்டவர். வலை என்பதே அவர் சித்தாந்தம். ஸ்பானிய அறிஞர் சாந்தியாகோ ராமோன் இ கஹால், அதே சாயத்தையே பிரயோகித்து, அணுக்கள் நெருங்கி நிற்கின்றனவேயன்றி ஒட்டி நிற்கவில்லை என்னும் நேர்மாறான முடிவுக்கு வந்தார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கியபோது, கோல்கி தம் பரிசுரையிலேயே கஹாலின் கொள்கையைக் கண்டித்துப் பேசினார். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள வெளியைப் பிரத்தியட்சமாகக் காட்டிய பின்னரே கஹாலின் பக்கமே உண்மை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன் 1897-இலேயே அந்தச் சந்திப்புக்கு ‘சினாப்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார். மூளைக்குள் அவ்வெளியின் அகலம் சுமார் 20 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அது இருமடங்குக்குச் சற்று மேல்.

ஓர் அணுவுக்குள்ளே செய்தி ஓடுவது மின்சாரமாக. அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் அமைதியாக இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஒரு மில்லிநொடிக்குள்ளாகவே பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. இந்த எழுச்சி அடுத்த பகுதியைத் தூண்ட, அது அதற்கடுத்த பகுதியைத் தூண்ட, கொழுப்புறை போர்த்த நரம்புகளில் நொடிக்கு 100 மீட்டர் வேகத்திலும் செய்தி விரைகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாய் இனமொன்றின் தடித்த நரம்பில் இதை அளந்து, 1952-இல் கணிதச் சமன்பாடுகளாகவே எழுதிக் காட்டினார்கள்.

ஆனால் நரம்பின் நுனியை எட்டியதும் மின்சாரத்துக்கு வழி முடிந்துவிடுகிறது. ஒகேனக்கல்லில் கரைவரை சாலையில் வந்த பயணி, அதற்குமேல் வண்டியை விட்டிறங்கிப் பரிசல் ஏறிக் காவிரியைக் கடப்பதுபோல, இங்கே செய்தியும் வாகனம் மாறுகிறது. நரம்பு நுனியில் கால்சியம் புகுந்தவுடன், அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நுண்பைகள் சவ்வோடு இணைந்து வெடித்து, தம்முள் இருக்கும் ரசாயனத்தை வெளியில் கொட்டுகின்றன. தசையை ஆளும் நரம்புகளில் அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். ஒரு பைக்குள் பல்லாயிரம் மூலக்கூறுகள். அவை எதிர்க்கரையிலுள்ள ஏற்பிகளில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த கணமே ஒரு நொதி அவற்றைச் சிதைத்து இடத்தைத் தூய்மையாக்கிவிடுகிறது. அவ்வாறு செய்யாவிடில் தசை ஒருமுறை சுருங்கியபின் அடுத்த ஆணையை வாங்கிக்கொள்ள இயலாது.

இச்செய்தி ரசாயனம்தான் என்பதை முதன்முதலில் நாட்டியவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி. 1921-இல் அவர் ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் நரம்போடு எடுத்து, அந்நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தணித்தார். அவ்விதயம் மிதந்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்தில் செலுத்தியபோது, நரம்பின் தொடர்பே இல்லாத அந்த இதயமும் துடிப்புத் தணிந்தது. இவ்வளவு தெளிவான சோதனைக்குப் பிறகும், மின்சாரமே இடைவெளியைத் தாவுகிறது என்று வாதித்தவர்கள் உண்டு. அவர்களுள் முதல்வரான ஜான் எக்கிள்ஸ், 1951-இல் தம் சொந்தச் சோதனையே தமக்கு எதிராகச் சாட்சி கூறக் கண்டு, தம் அபிப்பிராயத்தைத் தயக்கமின்றி மாற்றிக்கொண்டார். மின்சாரம் நேராகவே கடக்கும் சந்திப்புகளும் சில உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் நம் உடலில் பெரும்பான்மை ரசாயனமே. பெர்னார்ட் கட்ஸும் பால் ஃபாட்டும் 1952-இல், அந்த ரசாயனம் சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகிறது என்பதையும் காட்டினார்கள்.

இனி நஞ்சின் பங்கைப் பார்ப்போம். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சு ஏன் விலங்கை அசைவறச் செய்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்தார். நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை, இரண்டும் சந்திக்கும் இடமே அடைபட்டிருக்கிறது என்று அவர் கண்டது, அத்தகைய ஓர் இடம் உண்டு என்பதற்கே முதற்சான்றாயிற்று. நூறாண்டுக்குப் பின், 1963-இல், தைவானில் சாங், லீ என்னும் இருவர் நம் கட்டுவிரியனின் இனத்தைச் சேர்ந்த பாம்பொன்றின் நஞ்சிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பற்றினால் விடுவதில்லை. அந்தப் பிடிவாத குணத்தையே கருவியாகக் கொண்டு, அதுவரை கற்பனைப் பொருளாக இருந்த ஏற்பியை மின்விலாங்கு, மின்திருக்கை முதலியவற்றின் உடலிலிருந்து விஞ்ஞானிகள் கைப்பொருளாகப் பிரித்தெடுத்தார்கள்.

நம் தருமபுரிச் சீமையின் பாம்புகள் இந்தப் பாடத்தை இரு பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கின்றன. நல்லபாம்பின் நஞ்சு எதிர்க்கரையிலுள்ள ஏற்பியை மறித்து நிற்பது. கட்டுவிரியனின் நஞ்சிலும் அவ்வகைப் புரதம் உண்டென்றாலும், அதன் கொடிய பகுதி இக்கரையைத் தாக்கி, நரம்பின் நுனியையே சிதைத்து, அங்கிருந்த பைகளை வெறுமையாக்கிவிடுகிறது. வித்தியாசம் ஏட்டளவில் நில்லாமல் சிகிச்சையையே மாற்றுகிறது. நல்லபாம்புக் கடியில், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை நியோஸ்டிக்மின் மருந்தால் சற்றே தடுத்தால், பெருகிய அசிட்டைல்கோலின் நஞ்சோடு போட்டியிட்டு வென்று, தொங்கிய இமை நம் கண்முன்னே உயர்வதைப் பல சமயங்களில் காணலாம். கட்டுவிரியன் கடியிலோ, பெருக்குவதற்கு ரசாயனமே இல்லை. நுனி அழிந்தபின் நஞ்சுமுறி மருந்தாலும் அதை மீட்க முடியாது. புதிய நுனி முளைக்கும் வரையில், நாட்கணக்கில், நோயாளிக்கு இயந்திரம் மூச்சு விட வேண்டும்.

அந்த நோயாளியைச் சற்று அருகில் நின்று பாருங்கள். இரவில் தரையில் உறங்கியவருக்குக் கடித்ததே தெரிவதில்லை. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இல்லை. பல்குறி தேடினாலும் சில வேளை கிடைப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுகிறார். வீட்டார் வாயுக்கோளாறு என்று கஷாயம் வைக்கிறார்கள். சற்றுப் பொறுத்து இமைகள் சரிகின்றன, பார்வை இரண்டாகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, கடைசியாக மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. கண்பாவையும் அசையாது கிடக்கும் அவரை, உயிர் போயிற்று என்றே கருதிவிட இடமுண்டு. ஆனால் மூளைக்குள் நஞ்சு புகவில்லை; பிராணவாயு கிடைத்துக்கொண்டிருக்கும் வரையில் அவர் சுற்றி நின்று அழுவோரின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், விடை சொல்லத்தான் அவருக்குத் தசையில்லை. ஆகவே இத்தகைய நோயாளியின் படுக்கையருகே நின்று நம்பிக்கையிழந்து பேசுவது மருத்துவருக்கு அடாது.

கழனியில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் மூன்றாவது இடத்தைத் தாக்குகின்றன. நான் முன்சொன்ன நொதியை அவை முற்றாகக் கட்டிவிட, அசிட்டைல்கோலின் அளவின்றிப் பெருகி, எச்சிலும் வியர்வையும் வழிந்து, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது. ஒரே நொதியை அளவறிந்து தடுத்தால் ஒரு நஞ்சுக்கு மருந்து. அளவின்றித் தடுத்தால் அதுவே நஞ்சு. இவ்விஷயத்தில் ஈழத்து மருத்துவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முதல் ஆபத்தைத் தாண்டிப் பிழைத்தார் என்று நினைத்த நோயாளி, ஓரிரு நாள் கழித்துக் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோர்ந்து திடீரென மூச்சடைப்பதை இலங்கையில் சேனநாயக்கவும் கரலியத்தவும் கவனித்து, 1987-இல் ஒரு தனி நோய்நிலையாக உலகுக்கு எடுத்துரைத்தார்கள்.

நஞ்சுகளின் வரிசையில் சாதுவான ஒன்றும் உண்டு. அது இம்மலையிலேயே, மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் நிழலில் காய்த்துக்கொண்டிருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து நரம்புகளின் பேச்சைத் தணிக்கிறது. அயர்வு என்று நாம் உணர்வதில் அதற்குப் பங்குண்டு. காப்பியிலுள்ள கஃபீன் அந்த அடினோசினின் ஏற்பிகளில் தான் போய் அமர்ந்துகொண்டு, தானும் தணிப்பதில்லை, அதையும் தணிக்க விடுவதில்லை. மதிய அமர்வுகளில் இப்பிரயோகத்தை அன்பர்கள் தம்மீதே நிகழ்த்திப் பார்க்க வரவேற்புக் குழுவினர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

நஞ்சிலிருந்து மருந்துக்குச் செல்லும் பாதையிலும் எளிய மக்களே முன்னிற்கிறார்கள். 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பைக் கொல்லாமல் காட்டில் விட்டுவிடுகிறது. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் விளையும் எதிர்ப்பொருளையே நாம் நஞ்சுமுறி மருந்தாக ஏற்றுகிறோம். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளித்து நாடு அத்தொழிலின் பெருமையை ஒப்புக்கொண்டது. ஆயினும் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு, மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் பாம்புக்கடியையும் சேர்த்திருப்பது, இனியாவது மெய்யான கணக்குக் கிடைக்க வழிசெய்யும்.

இச்சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஏழை எளியவர் வீடுகளில் கட்டிலும் கொசுவலையும் இருக்கச் செய்வது. வலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனுக்கு வழியில்லை. இரண்டாவது, கருவி எதுவுமின்றி நரம்பின் நிலையை அறியும் சோதனைகளை ஒவ்வொரு கிராமச் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் கற்பிப்பது: இமை சரிகிறதா, படுத்தபடி தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்பனவற்றை அரைமணிக்கொருமுறை பார்த்து எழுதிவைத்தால், இறங்குமுகம் எப்போது தொடங்கியது என்பது மருத்துவருக்குத் தெளிவாகிவிடும். மூன்றாவது, கடிவாயைக் கீறுவதிலும் இறுகக் கட்டுவதிலும் கழியும் நேரத்தை மலையிறங்கும் பயணத்துக்கு ஒதுக்கி, வழியில் மூச்சுத் தளர்ந்தால் முகமூடியும் காற்றுப்பையும் கொண்டு மூச்சூட்டத் தெரிந்த ஒருவர் வண்டியில் இருக்குமாறு செய்வது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசலை உயிரோடு எட்டிவிட்டவருக்கு, மற்றதைச் செய்யும் சாஸ்திரம் நம்மிடம் இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலில் முதல் அமர்வு பேராசிரியர்களுக்கும், மலையூர்ச் செவிலியர்களின் அனுபவ உரைகள் மாலையின் இறுதிக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுமாறு, தலைவன் என்ற முறையில் எனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு கேட்டுக்கொள்கிறேன். நாம் எந்த வினாக்களுக்கு விடை காண வேண்டும் என்பதை அவர்கள் முதலில் சொல்லட்டும். பேராசிரியர்கள் பிறகு பேசட்டும். இவ்வளவில் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.