பதவியும் பணியும்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்



அரசாங்க உத்தியோகம் பெறுவதே கல்வியின் பயன் என்று கருதுவோர் நம்மிடையே பலர். பெற்ற உத்தியோகத்தை எதற்குப் பயன்படுத்துவது? அதற்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் வாழ்வே விடை.

1853இல் கொழும்பிற் பிறந்த அவர், கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரானார். காணி உறுதியும் பிறப்பு இறப்புப் பதிவும் ஏழையின் உரிமைக்குக் காவல். அவற்றைப் பேணும் திணைக்களத்தைப் பதிவாளர் நாயகமாக இருந்து அவர் சீர்திருத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தினார். சுமார் 35 இலட்சம் மக்களை எண்ணிய அதன் அறிக்கையில் நாட்டின் வரலாற்றையும் சேர்த்தெழுதினார்.

1913இல் இளைப்பாறிய பின்னும் அவர் ஓயவில்லை. சொல்லாமல் வேலையை விட்டகன்ற தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டம் அந்நாளில் இருந்தது. 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அமைத்துத் தொழிலாளருக்காகப் போராடினார். ஈராண்டில் அத்தண்டனைப் பிரிவுகள் ஒழிந்தன. அதே 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற்றலைவரானார். தமிழருக்குக் கொடுத்த வாக்குத் தவறியதும் விலகினார். 1906 முதல் அவர் வேண்டி நின்ற பல்கலைக்கழகம் 1942இலேதான் எழுந்தது. அதைக் காண அவர் இல்லை. 1924இல் மதுரையிற் சிவபதமடைந்தார்.

தோழர்களே, நாளை நீங்களும் கச்சேரியில் அமர்வீர்கள். வயல் வேலையை விட்டு, ஒரு நாட் கூலியை இழந்து ஒரு முதியவர் வருவார். அவர் திருக்கோவிலாராயினும், அக்கரைப்பற்று முஸ்லிம் பெரியவராயினும், "நாளை வா" என்று திருப்பியனுப்பாதீர்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் எடுக்கும் விழா.