குழி போடுற மிஷினும் எங்க குழுவும்

நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மைக் முன்னாடி நிற்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கம் கரும்பும் மரவள்ளியும் போட்ட சிலர் இப்போது சவுக்கும் தைல மரமும் வைக்கிறார்கள். அந்தக் கட்டை காகித ஆலைக்குப் போகுது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984-ல் உற்பத்தி ஆரம்பிச்சது. நம்ம கரும்புச் சக்கை மாதிரியே இந்தக் கட்டையும் அங்கே கூழாகிக் காகிதமாகுது.

சவுக்கை 5 அடிக்கு 5 அடி வைத்தால் ஏக்கருக்கு 1,700 குழிக்கு மேல் வரும். முன்னெல்லாம் ஆம்பளைங்க கடப்பாரையால் குழி போட, பின்னாடியே நாங்க கன்று நடுவோம். நாலஞ்சு நாள் வேலை இருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடி டிராக்டரில் மாட்டுற குழி மிஷின் வந்துச்சு. ஒரே நாளில் முடிஞ்சுபோச்சு. எங்களுக்கும் ஒரு நாள் கூலிதான். அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைங்களுக்குக் கடன் சொல்லித்தான் துணி எடுத்தேன்.

குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா, "மிஷினை உள்ள விடக்கூடாதுன்னு போய் நிப்போம்"னாங்க. இன்னொரு அக்கா, "நெல்லு அறுக்குற மிஷின் வந்தப்பவும் போய் நின்னோமே, அது நின்னுச்சா?"ன்னு கேட்டாங்க. யாரும் பேசல. கடைசியில் குழுக் கடன் போட்டு, ரெண்டு பேர் பிடிச்சு ஓட்டுற பெட்ரோல் மிஷின் ஒன்று நாங்களே வாங்கினோம்.

முதல் வருஷம் ரெண்டு தப்பு பண்ணினோம். மிஷினை வீட்டுக்காரங்க கையில் கொடுத்தோம். வாடகை அவங்க பாக்கெட்டுக்குப் போச்சு, தவணை எங்க தலையில் நின்னுச்சு. அடுத்தது, மழை பெய்த மறுநாளே களிமண் நிலத்தில் குழி போட்டாங்க. ஈரத்தில் மிஷின் சுத்தினதால் குழியோட சுவர் பூசி மெழுகின மாதிரி ஆயிடுச்சு. வேர் வெளியே போக முடியாமல் உள்ளேயே சுத்தி, பாதிக் கன்று பட்டுப்போச்சு. நிலத்துக்காரர் பணத்தைப் பிடிச்சுக்கிட்டார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது.

இப்போது நானும் என் ஓரகத்தியும்தான் மிஷின் ஓட்டுறோம். முந்தானை சுத்திக்கிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் சட்டை, பேன்ட் போட்டு, கொண்டையை இறுக்கிக் கட்டிக்குவோம். கல்லில் மாட்டினால் கைப்பிடி திருகி அடிக்கும், உடனே விசையை விட்டுடணும். ஈரம் காயும்வரை களிமண்ணில் இறங்க மாட்டோம். குழிச் சுவரைக் கடப்பாரை நுனியால் கீறிவிட்டு, மேல்மண்ணை முதலில் தள்ளி நடுறோம். பேன்ட்டைப் பார்த்துத் திட்டின என் மாமியார் இப்போது சோறு கட்டிக் கொடுக்குறாங்க.

ரெண்டு பேருக்கு மிஷின், மீதி பத்து பேருக்கு என்ன என்று கேட்பீங்க. நாங்களும் அதைத்தான் கேட்டோம். அதனால் குழிக்கு மட்டும் வாடகை பேசுறதில்லை. குழி, நடவு, களை, செத்த கன்றுக்கு மாற்று நடுறது எல்லாத்தையும் சேர்த்து ஒப்பந்தமாகப் பேசி, வர்றதைப் பன்னிரண்டு பேரும் சமமாகப் பிரிச்சுக்கிறோம். சுவீடன், பின்லாந்து நாடுகளில் குழி போட்டுக் கன்றையும் நட்டுவிட்டுப் போகிற மிஷின் இருக்காம். ஆனால் அங்கேயும் பெரும்பாலான நடவு மனுஷங்க கையால்தான் நடக்குதாம். கன்று நேரா நிக்குதா, வேர் மடங்கியிருக்கா என்று பார்க்க நம்ம கைதான் வேணும்.

கூட்டமைப்பிடம் மூணு கோரிக்கை வைக்கிறேன். ஊராட்சிக்கு ஒரு மிஷினுக்காவது கடன் கொடுங்கள். அதை ஓட்டப் பெண்களுக்கே பயிற்சி கொடுங்கள். வாடகைப் பணம் குழுக் கணக்கில்தான் விழணும் என்று தீர்மானம் போடுங்கள். நடவு வேலைக்கு மலையிலிருந்து வருகிற சகோதரிகளையும் இந்த ஒப்பந்தத்தில் சேர்த்துக்கணும். மிஷின் வந்ததில் அவங்களுக்கும்தான் வேலை குறைஞ்சிருக்கு.

எங்களுக்கு இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்கு. இதுவரை ஒரு தவணைகூடத் தவறல.