ஆராய்ச்சி யாருக்காக?

பொருளியற் பேராசிரியர் எதை ஆராய்வது என்பது சர்வகலாசாலையின் உள்விவகாரம் என்பர் சிலர். நாம் அதனை ஏற்கோம்.

மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003 இல் வறுமை ஆய்வகத்தை நிறுவியவர்களுள் பேராசிரியர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்லோவும் அடங்குவர். ராஜஸ்தானின் உதயப்பூர்க் கிராமங்களில் குழந்தைகள் தடுப்பூசி பெறாத காரணத்தை அவர்களும் துணைவர்களும் ஆராய்ந்தனர். முடிவு 2010 இல் வெளியாயிற்று. புதிய ஏற்பாடு எதுவுமில்லாத கிராமங்களில் நூற்றுக்கு 6 குழந்தைகளே முழுத் தடுப்பூசி பெற்றிருந்தனர்; முகாம் தவறாது நடந்தவிடத்து 18; முகாமோடு ஊசிதோறும் ஒரு கிலோ பருப்பும் வழங்கியவிடத்து 39. தாயின் அறியாமையே குற்றவாளி என்ற தீர்ப்பு இச்சாட்சியத்தின் முன் நிலைக்கவில்லை. 2019 இல் அவ்விருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பொதுப்பணத்தில் இயங்கும் பொருளியற் பகுதி எதுவாயினும், அதன் ஆராய்ச்சி யாருக்காக என வினவ வரி கொடுக்கும் உழவனுக்கு உரிமையுண்டு. அவ்வுரிமையை நாம் கைவிடலாகாது.