வளர்த்துக் கொடுப்பதும் ஒரு தொண்டு

(பழைய மாணவிகள் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன்ரை நாய்க்குட்டிக் கதையைப் பத்து நிமிசம் சொல்லு" என்று செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். நூற்றாண்டு காணும் சங்கத்தின் மேடையில் பேசுவதற்கு இதைவிடப் பெரிய விடயங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அவ விடவில்லை. பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவளுக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

நான் செய்வது இதுதான். வீடில்லாத நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் ஒரு சிறிய காப்பகத்திடமிருந்து பொறுப்பேற்று, சில வாரங்கள் என் வீட்டில் வைத்து வளர்ப்பேன். அவற்றை நிரந்தரமாக ஏற்கும் வீட்டார் கிடைத்ததும் கையளித்துவிடுவேன். உணவுச் செலவில் ஒரு பங்கும் மருந்துச் செலவும் காப்பகத்தினுடையவை. இடமும் நேரமும் என்னுடையவை. கடந்த ஆறு வருடங்களில் 31 குட்டிகள் என் விறாந்தையில் வளர்ந்து போயிருக்கின்றன.

இதற்கு ஏன் வந்தேன் என்று சொல்வதானால் 1995 ஒக்ரோபர் 30 இரவுக்குப் போகவேண்டும். இங்கே இருப்பவர்களில் பலருக்கு அந்த இரவை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊரே நடந்தது. எங்கள் வீட்டில் வீரன் என்று ஒரு நாய் நின்றது. அப்பா அதன் சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஒரு சட்டி நிறையச் சோறும் ஒரு வாளி தண்ணீரும் வைத்தார். முற்சந்தி வரையும் அது எங்களோடு வந்தது. பிறகு சனத்துக்குள் அதைக் காணவில்லை. அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது சட்டி கிடந்தது, நாய் இல்லை. எத்தனையோ உயிர்களை இழந்த காலத்தில் ஒரு நாய்க்காக அழுவதற்கு வெட்கமாக இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

இலங்கையில் கட்டாக்காலி நாய்களைப் பற்றிய கவலை பழையது. விசர்நாய்க்கடியைத் தடுப்பதற்கான சட்டம் 1893 இல் வந்தது. பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் வழியாக இருந்தது. 2006 இல் அரசாங்கம் அதை நிறுத்தி, தடுப்பூசி, கருத்தடை என்ற பாதையை எடுத்தது. நல்ல முடிவு. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. ஒரு பெட்டை நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும். வருடத்தில் இரண்டு முறையும் போடக்கூடும். கோயில் வாசலிலும் சந்தைப் பக்கத்திலும் காட்போட் பெட்டிக்குள் விடப்படுபவை அந்தக் குட்டிகள்தான். என்னிடம் வந்த 31 இல் 24 பெட்டைக் குட்டிகள். "பெட்டை எண்டால் வேண்டாம்" என்று ஆண்குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொண்டுபோய் விடுகிறார்கள். பெண்பிள்ளைகளைப் படிப்பிப்பதற்கென்று எழுந்த கல்லூரியில் படித்த எங்களுக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறைக்க வேண்டும்.

காப்பகம் இருக்கும்போது வீடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் நடத்துகிறது. அத்தகைய இடங்கள் மிகவும் தேவை. ஆனால் தடுப்பூசி முற்றாகப் போடாத குட்டிகளுக்குப் பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடம் ஆபத்தானது. தாய்ப்பாலால் கிடைத்த பாதுகாப்பு குறைந்துபோகும் வயதில்தான் நோய் பிடிக்கும். இன்னொன்று, மூன்றாம் கிழமையிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரைதான் ஒரு குட்டி மனிதரைப் பழகும் காலம். அந்த நாட்களில் குசினிச் சத்தமும், தும்புத்தடியும், சின்னப்பிள்ளைகளின் கூச்சலும் பழகிய நாய், பிறகு எந்த வீட்டிலும் பயமின்றி நிற்கும். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கிறது.

வேலை கஷ்டமா என்றால், வயதைப் பொறுத்தது. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு, மூன்று மணிக்கொருதரம் பால் கொடுக்கவேண்டும், இரவிலும்தான். பசுப்பால் பலவற்றுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். குட்டிகளுக்கென்று விற்கும் மாப்பாலே நல்லது. பிள்ளையை ஏந்துவதுபோல மல்லாத்திப் பிடித்துக் கொடுக்கக்கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்க, தாயிடம் குடிப்பதுபோலப் பிடிக்கவேண்டும். பால் குடித்த பின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் சலம் போகும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியால் சுற்றிப் பக்கத்தில் வைக்கவேண்டும். குளிர்ந்திருக்கும் குட்டிக்கு, சூடேற்றாமல் பால் கொடுக்கவே கூடாது. நான் குசினித் தராசில் தினமும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவேன். நிறை கூடாத நாளில் மிருக வைத்தியரைக் கூப்பிடுவேன். நித்திரை முழிக்க முடியாதவர்கள் ஆறு கிழமை தாண்டிய குட்டியை எடுக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்த பெரிய நாய்க்குப் பத்து நாள் இடம் கொடுப்பதும் இதே தொண்டுதான். எந்த நாயாவது கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள்.

எல்லாம் நல்லபடி முடியும் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை நான்கு குட்டிகள் வந்து மூன்றாம் நாள் ஒன்று சாப்பாட்டை விட்டது. பார்வோ வைரஸ். ஐந்து நாளில் மூன்று போய்விட்டன. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். விறாந்தையை பிளீச் போட்டுக் கழுவலாம், முற்றத்து மண்ணை என்ன செய்வது? ஒரு வருடம் குட்டிகளை எடுக்காமல், தடுப்பூசி போட்ட பெரிய நாய்களுக்கும் பூனைகளுக்கும் மட்டும் இடம் கொடுத்தேன். தப்பிய நாலாவது குட்டி இப்போது மானிப்பாயில் ஒரு வீட்டில் காவல் நிற்கிறது.

ஆனால் இதைவிடக் கஷ்டமான ஒன்றை நான் சொல்லவேண்டும். என்னிடம் வந்த முதல் குட்டியை நான் கொடுக்கவில்லை. ஏற்க வந்தவர்கள் நல்லவர்கள்தான். படலையடியில் நின்ற அவர்களிடம் ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீரனை விட்டதுபோல இன்னொன்றை விடமுடியாது என்று மனம் அடம்பிடித்தது. இரண்டு கிழமையில் காப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, அஞ்சு குட்டி, இரவுக்கு மட்டும் எண்டாலும் வைப்பியளோ?" எனது குட்டிக்கு இன்னும் தடுப்பூசி முடியவில்லை, இடமில்லை என்று சொன்னேன். அந்த ஐந்துக்கும் என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. விட்டுவிட்டு வருவது வேறு, ஒப்படைத்துவிட்டு வருவது வேறு. வீரனை நாங்கள் விட்டுவந்தோம். வேறு வழி இருக்கவில்லை. இப்போது நான் கொடுக்கும் குட்டி எந்த வீட்டுக்குப் போகிறது, படலை பூட்டுமா, யார் சோறு வைப்பார், எப்போது கருத்தடை செய்யவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நிறை எழுதிய கொப்பியின் பிரதியும் தடுப்பூசி அட்டையும் குட்டியோடு போகும். ஒவ்வொரு முறையும் அழுகிறேன். அழுதபடியே விறாந்தையைக் கழுவி அடுத்த பெட்டிக்கு இடம் பண்ணுகிறேன்.

லண்டனிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரின் பற்றர்சீ நாய்கள் இல்லத்தை 1860 இல் தொடங்கியவர் மேரி ரீல்பி என்ற ஒரு பெண்மணி. காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான 'தற்காலிக' இல்லம் என்றே அதற்கு அன்று பெயரிட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லில் ஒரு குறையுமில்லை. நீங்கள் வாழும் நகரங்களிலும் காப்பகங்கள் இத்தகைய வீடுகளைத் தேடுகின்றன. பிள்ளைகள் வளர்ந்து போய், வீடு பெரிதாகிவிட்டது என்று வட்ஸ்அப்பில் எழுதுகிறீர்களே, ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஊரிலே இருப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியையை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலுக்குக் கஞ்சி தந்து, தலை பின்னி, வருடாவருடம் ஒரு கூட்டம் பிள்ளைகளைப் பெட்டியோடு அனுப்பிவைத்தார். தை மாதம் புதுப் பிள்ளைகளுக்குக் கட்டில் விரித்தார். எவரையும் அவர் தன்னுடன் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் நாங்கள் இத்தனைபேர் இன்று இங்கே இருக்கிறோம்.

வெளியே காரில் ஒரு பெட்டி இருக்கிறது. என் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறா. ஏழு கிழமைக் குட்டிகள் இரண்டு, இரண்டும் பெட்டை. போகும்போது ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.