மூன்று நாள் இடைவெளி



துப்பாக்கி வேண்டுமெனில் அரசிடம் காரணம் காட்டி உரிமம் கேட்டு நிற்பது நம் நாட்டு வழக்கம். அமெரிக்க நாட்டில் நிலைமை நேர்மாறானது. அங்கே, கொடுக்க மறுப்பதற்கு அரசுதான் காரணம் காட்ட வேண்டும். 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் தாங்கும் உரிமையைப் பேசுகிறது. அவ்வுரிமை குடிப்படைக்கு உரியதா, தனிமனிதருக்கு உரியதா என்ற நெடுநாள் வழக்கை 2008இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தனிமனிதர் பக்கமாகத் தீர்த்தது. அது எல்லையற்ற உரிமை அன்று என்பதையும் அத்தீர்ப்பே கூறியது. எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் இன்றைய பூசல் எல்லாம்.

இவ்வுரிமையை விரும்புவோரை வெறியர் என ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் முறையன்று. காவலர் வந்து சேர நெடுநேரம் ஆகும் ஒதுக்குப்புறப் பண்ணையில் வாழும் குடும்பத்திற்குத் துப்பாக்கி ஒரு காவல். அவர்களுடைய பிரதிநிதிகளையும் இணைத்துக்கொண்டே சட்டம் இயற்ற வேண்டும். மேலவையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே நூற்றுக்கு அறுபது வாக்குகள் தேவை. ஆகவே, சமரசம் அங்கே விருப்பம் அன்று, கட்டாயம்.

1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைக் கொல்ல முயன்றவன் சுட்ட குண்டு, அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் பாய்ந்தது. உயிர் தப்பிய அவர் எஞ்சிய வாழ்நாளைப் பெரும்பாலும் சக்கர நாற்காலியில் கழித்தார். வாங்குபவரின் பின்னணியை விசாரித்த பிறகே துப்பாக்கி விற்க வேண்டும் என அவர் மனைவி சாரா பிரேடி போராடினார். 1987இல் அவைக்கு வந்த மசோதா, 1993 நவம்பர் 30 அன்றுதான் சட்டமாயிற்று. இடையில் 1991இல், துப்பாக்கி உரிமையின் நண்பரான ரீகனே அதற்கு வெளிப்படையாக ஆதரவு தந்தார்.

அச்சட்டத்தில் ஒரு சிறு விதி இருந்தது. விசாரணைக்கு மூன்று வேலை நாள்களுக்குள் விடை வராவிட்டால், வணிகர் துப்பாக்கியை விற்றுவிடலாம். அரசின் சோம்பலால் குடிமகனின் உரிமை கெடக் கூடாது என்பது அதன் நியாயம். கேட்பதற்குக் குறை சொல்ல முடியாத நியாயம்தான். உரிமம் பெறாத தனியார் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதும் விசாரணைக்கு வெளியே விடப்பட்டது.

2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஓர் இளைஞன் கைத்துப்பாக்கி வாங்க வந்தான். போதைப்பொருள் வைத்திருந்ததாக அவன் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். சட்டப்படி அவனுக்கு விற்றிருக்கக் கூடாது. பதிவேட்டில் இருந்த குழப்பத்தால் விசாரணை அலுவலர் பிறிதொரு காவல் துறையிடம் போய்க் கேட்டார். உரிய விடை கிடைக்குமுன் மூன்று நாள் கடந்தது. கடைக்காரர் சட்டப்படியே விற்றார். ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் தேவாலயத்தில் வேதம் படித்துக்கொண்டிருந்தோர் நடுவில் அமர்ந்திருந்துவிட்டு, ஒன்பது பேரை அவன் கொன்றான்.

இதைக் கண்டு, சமரசமே கூடாது எனச் சிலர் கூறுவர். அவர்கள் 2013ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய டிசம்பரில் கனெக்டிகட் மாநிலப் பள்ளியொன்றில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டிருந்தனர். துப்பாக்கி உரிமையாளரின் நம்பிக்கையைப் பெற்ற மான்சின், டூமி என்னும் இரு கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து, துப்பாக்கிக் கண்காட்சி விற்பனைக்கும் இணைய விற்பனைக்கும் விசாரணையை நீட்டிக்க முன்வந்தனர். உரிமையாளர் பட்டியலை அரசு தொகுக்கக் கூடாது என்ற உறுதியையும் எழுதி வைத்தனர். 54 பேர் ஆதரித்தனர், 60 வரவில்லை. துயரம் பெரிதாயிருந்தும் ஒரு வரிகூடச் சட்டமாகவில்லை. சார்ல்ஸ்டனுக்குப் பிறகு மூன்று நாளைப் பத்தாக்கும் மசோதா 2019இல் கீழவையில் நிறைவேறியது. மேலவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

2022 மே மாதம் பஃபலோவில் 10 பேரும், பத்து நாள் கழித்து யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். சுட்ட இருவருக்கும் வயது 18. மர்ஃபி, கார்னின், சினெமா, டில்லிஸ் ஆகிய நால்வர் பேச்சு நடத்தினர். ஒரு தரப்பார், போர்முறைத் துப்பாக்கித் தடையையும் வாங்கும் வயதை 21 ஆக்கும் கோரிக்கையையும் விட்டுக்கொடுத்தனர். மறுதரப்பார், 21 வயதுக்குட்பட்டோரின் சிறார்ப் பருவப் பதிவுகளையும் பார்ப்பதற்கும், ஐயம் எழுந்தால் விசாரணையைப் பத்து வேலை நாள் வரை நீட்டுவதற்கும் இசைந்தனர். இதற்காகவே, தம் கட்சியின் டெக்சஸ் மாநாட்டில் கார்னின் கூச்சலுக்கும் ஏளனத்திற்கும் ஆளானார். எனினும் பின்வாங்கவில்லை. 65க்கு 33 என மேலவையில் நிறைவேறி, ஜூன் 25 அன்று சட்டமாயிற்று. அந்த நெஞ்சுரத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

பத்து நாள் 21 வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே. அதற்கு மேற்பட்டோருக்குப் பழைய மூன்று நாளே நீடிக்கிறது. சார்ல்ஸ்டனில் சுட்டவன் கடைக்கு வந்தபோது, அவனுக்கு 21 வயது நிறைந்து இரண்டு வாரங்கூட ஆகியிருக்கவில்லை.