மும்பைக்குப் போகணுமா, தம்பி?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வருஷம் இறுதியாண்டுத் தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். அப்பாவுக்குப் பெருந்துறைப் பக்கம் தறி வேலை. பையனை ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு மும்பைக்கு வரச் சொல்லியிருந்தது. போக்குவரத்துச் செலவு கிடையாது. "லாட்ஜ் வாடகையக் கேட்டாலே பயமா இருக்குதுங்கண்ணா, போகாம விட்டுடலாமுங்களா?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன்.

மும்பையில் காசைத் தின்பது சாப்பாடு அல்ல, படுக்கை. அங்கே நான் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பதினைந்து, இருபது ரூபாய்க்கு வடாபாவ் தெருவுக்குத் தெரு கிடைக்கும். வாழை இலைச் சாப்பாடுதான் வேணும்னா மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் 1942 முதல் நடக்கும் ராமநாயக் உடுப்பி இருக்கிறது. ஒரு வேளை அங்கே, மற்ற வேளை வடாபாவ் என்று ஓட்டிவிடலாம். ஆனால் அறை வாடகை அப்படி இல்லை. மும்பை சென்ட்ரலில் 2021-ல் ரயில்வே திறந்த பாட் ஹோட்டலில், ஆள் படுக்கும் அளவு பெட்டிக்கே 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள்.

அதனால் ஊர் மேப்பைப் பார்க்காதீங்க, ரயில் லைனைப் பாருங்க. மேற்கு, மத்திய, ஹார்பர் என்று முக்கியமாக மூன்று. வேலை எந்த லைனில் இருக்கிறதோ அதே லைனில் தங்கினால் போதும், தூரம் பெரிய விஷயமே இல்லை. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். பெஸ்ட் பஸ்ஸில்கூட 2025-லிருந்து 10 ரூபாய். ஆட்டோவை நம்பாதீங்க. பாந்த்ரா, சயன் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியே இல்லை, டாக்ஸிதான்.

நம்ம குர்லா எக்ஸ்பிரஸ் கோவையிலிருந்து சேலம், பெங்களூர், புனே வழியாகப் போகிறது. கடைசி வரை போகணும்னு கட்டாயமில்லை. மத்திய லைனில் வேலை என்றால் கல்யாணிலேயே இறங்கி லோக்கல் பிடிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. லோக்கலில் முதல் வகுப்புப் பெட்டி வெளியே பார்க்க மற்றதைப் போலவே இருக்கும். சாதா டிக்கெட்டோடு ஏறினால், கட்டண வித்தியாசம் போக அபராதமே குறைந்தது 250. இன்னொன்று, சாயங்காலம் அந்தேரியில் இறங்க வேண்டியவர் விரார் ஃபாஸ்ட்டில் ஏறக்கூடாது. உள்ளே போனவரைக் கூட்டம் வெளியே விடாது. எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக் கூட்டமெல்லாம் அதுக்கு முன்னால் ஒண்ணுமேயில்லை!

அந்தத் தம்பிக்கு வேலை காஞ்சூர்மார்க்கில். டோம்பிவிலியில் இருக்கும் நம் சீனியர் ஒருவர் இரண்டு ராத்திரி ஹாலில் பாய் போட்டுக் கொடுத்தார். இரண்டும் மத்திய லைன். மாறவே வேண்டாம். ஸ்லீப்பரில் போய்வந்து, சாப்பாடு உட்பட மூவாயிரத்துக்குள் முடிந்தது. முதல் ராத்திரி சீனியர் அரிசிம்பருப்பு ஆக்கிப் போட்டாராம். நெய்தான் பத்தலையாம்!

ஆகவே மும்பையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்துக்கு விலாசம் கொடுக்கும்போது, பக்கத்து ரயில் நிலையம் எது, எந்த லைன் என்றும் எழுதுங்கள். வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது.